பாரு கீதா

காலை 6.20. ராயபுரம் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில், அப்பா பிறந்து வளர்ந்த தெருமுனையில், இட்லி விற்கும் அம்மாளிடம் கேட்டேன்: "இங்கே கீதா என்று யாராவது இருந்தார்களா? இப்போது எழுபது வயதுக்கு மேல் இருக்கும்." ஐம்பத்திரண்டு வயதில் அப்பாவின் காதலியைத் தேடிக் கோயம்புத்தூரிலிருந்து வந்திருக்கும் மகள் என்று எப்படிச் சொல்வது?

"இந்தத் தெருவுல மட்டும் மூணு கீதா கீறாங்க. உனுக்கு எந்த கீதா வேணும்?" என்றார். மூவருக்கும் நாற்பதுகூட ஆகவில்லையாம். நான்கு இட்லி நாற்பது ரூபாய். சட்னி நன்றாக இருந்தது, இரண்டு இட்லியோடு எழுந்துவிட்டேன்.

விஷயம் இதுதான். அப்பா கடற்படையில் கடலின் ஆழத்தை அளந்து வரைபடம் போடும் அதிகாரி. அந்தமான், லட்சத்தீவு என்று முப்பது வருடம் அளந்தார். அவர் குறித்த ஆழங்களை நம்பித்தான் இன்றும் கப்பல்கள் போகின்றன. வரைபடத்தில் அவர் பெயர் எந்த மூலையிலும் கிடையாது. எங்களுக்கோ அவர் வருடத்தில் இரண்டு மாத அப்பா. அம்மாவின் ஊரான கோயம்புத்தூரிலேயே வளர்ந்தேன்.

போன வருடம் அப்பா இறந்தபின் அவர் பெட்டியில் ஒரு பழைய நோட்டு கிடைத்தது. எண்ணூர்க் கடலை வரைந்திருந்த பக்கத்தில் ஒரு சின்ன வட்டம். மற்ற குறிப்பெல்லாம் ஆங்கிலத்தில் இருக்க, வட்டத்தின் அருகே மட்டும் தமிழில் இரண்டு சொல்: பாரு கீதா.

"கடலைப் பாருன்னு எவளோ ஒருத்திக்குக் காட்டியிருக்காரு. எனக்கு ஒரு நாளும் காட்டலயே கண்ணு" என்றார் அம்மா. அன்றிலிருந்து அப்பா படத்துக்கு முன்னால் மெழுகுவர்த்தி ஏற்றுவதில்லை.

7.05. கும்மிடிப்பூண்டி ரயில், டிக்கெட் ஐந்து ரூபாய். கொருக்குப்பேட்டையில் சரக்குப் பெட்டிகள், திருவொற்றியூரில் கன்டெய்னர் லாரிகளின் வரிசை. இந்த வழியை அப்பா எனக்கு ஒருமுறை காட்டியிருக்கலாம். கத்திவாக்கத்தில் இறங்கி, ஷேர் ஆட்டோவில் இருபது ரூபாய் கொடுத்துக் கடற்கரைக்குப் போனேன்.

8.15. மணலில் ஃபைபர் படகுகள். வலையை உதறிக்கொண்டிருந்த டில்லி என்ற மீனவருக்கு என் வயதுதான் இருக்கும். நோட்டைக் காட்டி, இந்த வட்டம் இருக்கும் இடத்துக்குப் போக முடியுமா என்று கேட்டேன்.

"யாரு எழுதுனது?"

"எங்க அப்பா. ராயபுரத்துக்காரர்."

டில்லி வாய்விட்டுப் படித்தார். "பாரு கீதா?" கடைசியில் குரல் மேலே ஏறியது. "கரெக்டாதான் கேட்டுகீறாரு."

"யாரைக் கேட்டிருக்கார்? எந்த கீதா?"

"இன்னாமா நீ! பாருன்னா கடலுக்கு அடில கீற பாறை. கீதான்னா இருக்குதான்னு கேக்குறது. பாறை கீதா, இல்லியா? அவ்ளோதான்."

சினிமாவில் நூறு முறை கேட்டுச் சிரித்த பேச்சு. அப்பாவின் கையெழுத்தில் வந்ததும் ஒரு பெண்ணின் பெயராகப் படித்துத் தொலைத்தோம். அவர் எங்களிடம் ஒரு நாளும் இப்படிப் பேசியதில்லை. கல்யாணமான புதிதில் மாமாக்கள் அவர் பேச்சைக் கேலி செய்தார்களாம். பிறகு வீட்டில் பாடப்புத்தகம் மாதிரிதான் பேசுவார். தனியாக இருக்கும்போது மட்டும் சொந்த பாஷையில் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். அழுகை வந்தது, அழுதேன்.

நோட்டின் அடுத்த பக்கம் அந்தமானில் தொடங்குகிறது. எண்ணூர்க் கேள்விக்கு விடை எங்கும் இல்லை.

"போய்ப் பாத்துடலாமா?" என்றார் டில்லி. டீசலோடு சேர்த்து ஆயிரத்து ஐந்நூறு ரூபாய்.

9.10. கரையிலிருந்து சுமார் ஐந்து கிலோமீட்டர். அனல்மின் நிலையப் புகைபோக்கிகள் விரல் உயரத்துக்குச் சுருங்கிவிட்டன. அப்பா எழுதியிருந்த அட்சரேகை, தீர்க்கரேகை எண்களும் டில்லியின் ஜி.பி.எஸ். கருவி காட்டிய எண்களும் ஒன்றானதும் அவர் எஞ்சினை நிறுத்தினார். ஈயக்குண்டு கட்டிய கயிற்றை இறக்கி, மறுமுனையை என் கையில் கொடுத்தார்.

"சேறுன்னா மெத்துனு குந்தும். பாருன்னா தட்டும்."

முதல் இரண்டு தடவை மெத்தென்று உட்கார்ந்தது. படகைக் கொஞ்சம் வடக்கே தள்ளி மூன்றாம் முறை இறக்கினோம். டக்கென்று தட்டியது. இன்னொரு முறை தூக்கிப் போட்டேன். மறுபடியும் தட்டியது.

அம்மாவுக்குப் போன் போட்டேன். கீதா பெண்ணே இல்லை என்று விளக்கினேன்.

"நெசமாலுமா? அப்ப அங்க பாறை இருக்குதா?"

போனை டில்லியின் வாயருகே நீட்டினேன். "கீதுமா!" என்றார்.

"இன்னொருக்கா சொல்லச் சொல்லு கண்ணு."

"கீதுமா, கீது!"

அலை படகைத் தட்டிக்கொண்டிருந்தது. போனில் அந்தப் பக்கம் ஏதோ அலமாரியைத் திறந்து மூடும் சத்தம் கேட்டது.

"ஏங் கண்ணு, தீப்பெட்டிய எங்க வெச்சுட்டுப் போனே?" என்றார் அம்மா.