புல்தரையில் ஒன்று, வீட்டுக்குள் ஒன்று

இன்று நெவில் ப்ரௌஸைப் பார்த்துவிட்டு வந்தேன். வந்த கையோடு இதைத் தட்டுகிறேன். காதுக்குள் அவர் போட்டுக் காட்டிய பாட்டு இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது!

நெவில் இங்கே ஆஸ்திரேலியாவின் ஜிலாங் ஊரில் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். ஸ்பீக்கரை அரை விரல் அகலம் நகர்த்திவிட்டு, லாட்டரி விழுந்தது மாதிரி சிரிக்கிற ஆள் எங்கள் ஆடியோ குழுவில் யாரென்று கேட்டால் எல்லாரும் அவரைத்தான் காட்டுவார்கள். ஆனால் மூன்று வருஷத்துக்கு முன்பு வரை அவருக்குப் பாட்டு என்றால் கார் ரேடியோதான். அதுவும் கால்பந்து வர்ணனைக்கு இடையில் வந்தால் கேட்பார்.

“உங்களுக்கு இந்தக் கிறுக்கு எப்படிப் பிடிச்சுது?” என்று கேட்டேன்.

அவர் வாயைத் திறப்பதற்குள் சமையலறையிலிருந்து அவர் மனைவி கோராலியின் குரல் வந்தது. “நான் சொல்றேன். அவர் சொன்னா ஹீரோ அவராத்தான் இருப்பாரு.”

வேண்டாத பெரிய சாமான்களை எல்லாரும் வாசல் புல்தரையில் எடுத்துவைக்கிற வாரம் அது. திங்கட்கிழமை காலையில் லாரி வந்து அள்ளிக்கொண்டு போகும். அதுவரை தெருவில் பிக்கப் வண்டிகள் ஊர்ந்தபடியே இருக்கும். புல்தரைக்கு வந்த பொருள் முதலில் கை வைத்தவருக்குச் சொந்தம். யாரும் எழுதிவைத்த சட்டமில்லை, ஆனால் யாரும் மீறியதுமில்லை.

ஞாயிறு காலை நடக்கப் போன கோராலி, பக்கத்துத் தெரு புல்தரையில் இடுப்பு உயரத்துக்கு இரண்டு ஸ்பீக்கர்களைப் பார்த்தார். அழகான மரப்பெட்டிகள். மேலே பூந்தொட்டி வைக்கலாம் என்றுதான் தோட்டத்துத் தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தார். துடைத்துப் பார்த்ததும் மனசு மாறிவிட்டது. கராஜில் தூங்கிக்கொண்டிருந்த, தன் அண்ணனுடைய பழைய ஆம்ப்ளிஃபயரையும் ரெக்கார்டு பிளேயரையும் கொண்டுவந்து கூடத்தில் வயர் மாட்டினார். இடம் போதவில்லை. நெவிலின் சாய்வு நாற்காலியை ஜன்னலோரமாகத் தள்ளினார்.

வினை அங்கேதான். அது சாதாரண நாற்காலி இல்லை. ஓய்வு பெற்றபோது டிப்போவில் எல்லாரும் சேர்ந்து வாங்கிக் கொடுத்தது. கால் நீட்டினால் நீளும், கைப்பிடியில் பியர் வைக்கக் குழி உண்டு. ஜன்னலோரம் உட்கார்ந்தால் டிவியில் வெயில் பட்டுப் பந்தே தெரியாது.

“என் நாற்காலிய எங்க நாடு கடத்திட்ட?” என்று நெவில் கத்தினார்.

“கத்தாத. முதல்ல பாட்டைக் கேளு.”

கேட்டார். ஒரு பெண் பாடினாள், பின்னால் ஏதோ வாத்தியம். எல்லாம் ஒல்லியாக, தகர டப்பாவுக்குள்ளிருந்து வருகிற மாதிரி. குரல் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்றே பிடிபடவில்லை.

“பல்வலிக்காரி பாத்ரூம்ல பூட்டிக்கிட்டு அழுவுற மாதிரி இருக்கு. அதான் தூக்கிப் போட்டிருக்கான்.”

“யோவ், கொஞ்சம் பொறு. தள்ளி வெச்சுப் பாக்குறேன்.”

“சாயங்காலம் வரைக்கும் பாரு. அப்புறம் இது ரெண்டும் வெளிய, என் நாற்காலி உள்ள.”

கோராலி மதியம் முழுக்கத் தள்ளினார், திருப்பினார், கம்பளத்தை மடித்தார். தகரம் தகரமாகவே இருந்தது. சாயங்காலம் நெவில் வெற்றி வீரராக வந்து ஒரு ஸ்பீக்கரின் வயரைக் கழற்றினார், கட்டிப்பிடித்துத் தூக்கிக்கொண்டுபோய்ப் புல்தரையில் வைத்தார். ரெக்கார்டு அதுபாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருந்தது.

திரும்பி வந்தவர் வாசலிலேயே நின்றுவிட்டார். தரை அதிர்ந்தது. பேஸ் கிட்டாரின் கனத்த ஒலி தும் தும்மென்று கால் வழியாக ஏறியது.

“என்ன பண்ணின?”

“நான் எதையும் தொடல, நெவ்.”

“ரெண்டு இருந்தப்போ வராத சத்தம் ஒண்ணுல எப்படி வருது?” என்றார் நெவில்.

நெவில் தரையில் கிடந்த வயரைப் பார்த்தார். “நான் கழட்டும்போது சிவப்பு வயர் கறுப்பு முனைலதானே இருந்துச்சு? இதுல சிவப்பு சிவப்புலதான் இருக்கு. நீ கண்ணாடி போட்டுத்தானே மாட்டின?”

“கண்ணாடி போட்டா மூக்கு வலிக்குதுப்பா.”

“அடிப்பாவி! ஒண்ணு முன்னால தள்ளும்போது இன்னொண்ணு பின்னால இழுத்திருக்கு. ரெண்டும் சண்டை போட்டு பேஸையே முழுங்கிருச்சு!”

சொல்லி முடிப்பதற்குள் வெளியே பிக்கப் கதவு சாத்துகிற சத்தம். நெவில் செருப்பில்லாமல் ஓடினார். டார்லீன் என்கிற பெண் ஸ்பீக்கரை வண்டியில் ஏற்றிக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார்.

“அம்மா தாயே, அது என்னுது!”

“புல்லு மேல இருந்துச்சே, பெரியவரே.”

“ஒண்ணை வெச்சுக்கிட்டு என்ன பாட்டு கேப்ப?”

“பாட்டா? உள்ள இருக்கறத புடுங்கிட்டா கோழி முட்டை போட அருமையான பெட்டி.”

நெவில் வண்டியின் கயிற்றைப் பிடித்துக்கொண்டார். ஒரு பெட்டி பியர் தருவதாகச் சொன்னார்.

“குடிக்கிறதில்ல,” என்ற டார்லீனின் பார்வை திறந்திருந்த ஜன்னலுக்குள் போனது. “அந்த நாற்காலி கால் நீட்டுமா?”

நெவில் நாற்காலியைப் பார்த்தார். உள்ளே ஒற்றை ஸ்பீக்கர் தும் தும்மென்றது.

“நீட்டும்,” என்றார். “பியர் வெக்கக் குழியும் இருக்கு.”

“டீ வெச்சுக்கறேன்.”

ஸ்பீக்கரை இறக்கிவிட்டு, நாற்காலியை நெவிலே தள்ளிக்கொண்டுபோய் ஏற்றிவிட்டார். கோராலி சமையலறைக்குள் போய்விட்டார். அங்கேயே நின்றிருந்தால் சிரிப்பு வந்துவிடுமாம்.

சிவப்பைச் சிவப்பில், கறுப்பைக் கறுப்பில் மாட்டி, நெவில் வெறுந்தரையில் உட்கார்ந்தார். ரெக்கார்டில் பாடுகிற பெண் இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவில் வந்து நின்றாள். பாடுவதற்கு முன் மூச்சு இழுத்தாள், அவ்வளவுதான், அறைக்குள் யாரோ வந்துவிட்டார்கள் என்று நெவில் நிமிர்ந்து பார்த்தார். பாட்டு முடிந்ததும், “முதல்லேருந்து போடு” என்றார். அன்று கால்பந்தில் யார் ஜெயித்தார்கள் என்று அவருக்கு இன்றுவரை தெரியாது.

அந்த மூச்சை இன்று நானும் கேட்டேன். நிஜமாகவே கண் கலங்கிவிட்டது. கூடத்தின் நடுவில் இப்போது ஒரே ஒரு சமையலறை நாற்காலி. அதில் யார் உட்காருவது என்று புருஷன் பெண்டாட்டிக்குள் தினமும் தகராறு.

ஞாயிறு மத்தியானம் யார் போனாலும் கதவு திறந்திருக்கும். ஜிலாங் பக்கம் இருப்பவர்கள் அவசியம் போய்க் கேளுங்கள். ரெக்கார்டு அவர்களிடமே நிறைய இருக்கிறது, உட்கார நாற்காலி மட்டும் நீங்களே கொண்டுபோங்கள். அப்புறம், ஸ்பீக்கர் சரியில்லை என்று புலம்பும் நண்பர் யாராவது இருந்தால் அவர் அதைப் புல்தரையில் வைப்பதற்குள் இதை அனுப்பிவிடுங்கள்.