கண்ணாடியில் வைத்த மை

என் மகளை நான் எடுத்த முதல் புகைப்படத்தில் இருப்பது நான்தான். கசங்கிய நைட்டி, கலைந்த தலை, பின்னால் ஒரு டியூப் லைட். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பெட்டிக்குள் கிடந்த குழந்தை அதில் வெறும் வெள்ளைப் புகை.

அதை என் வீட்டுக்காரருக்கு அனுப்பினேன். அவர் ஆப்பிரிக்காவில் போர்வெல் போடும் ரிக் வண்டியில் டிரில்லர். எங்கள் திருச்செங்கோட்டுப் பக்கம் தெருவுக்கு நான்கு பேர் இப்படி எங்காவது போய் மண்ணைத் துளைத்துக்கொண்டிருப்பார்கள். மாதம் நிறைவதற்கு வெகு முன்பே எனக்கு வலி கண்டு, சேலம் அஸ்தம்பட்டிக்குக் கொண்டுவந்து ஆபரேஷன் செய்து குழந்தையை எடுத்தபோது, அவர் சிக்னல் இல்லாத ஏதோ ஒரு காட்டில் இருந்தார். விஷயம் தெரிந்ததும் கிளம்பப் பார்த்தார். மாற்று ஆள் வந்து இறங்க வேண்டும், அதன் பிறகு விமானம் பிடிக்க வேண்டும். எப்படிப் பார்த்தாலும் பல நாள் ஆகும்.

“அம்மிணி, மூஞ்சி தெரியற மாதிரி ஒரே ஒரு போட்டோ அனுப்பு. அது போதும்” என்றார்.

எதற்குப் போதும் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. டாக்டர் எங்கள் இருவரிடமும் ஒரே மாதிரிதான் பேசியிருந்தார். குழந்தையின் நுரையீரல் இன்னும் விரியவில்லை, பார்க்கலாம் என்றிருந்தார். அந்தப் ‘பார்க்கலாம்’ எனக்குப் பிடிக்கவே இல்லை.

பால் கொடுக்கும் நேரத்தில் என்னை உள்ளே விடுவார்கள். போனை மட்டும் வெளியே வைத்துவிட்டுப் போக வேண்டும். கெஞ்சிப் பார்த்தேன், கோபப்பட்டும் பார்த்தேன். “எல்லாக் குழந்தைக்கும் ஒரே ரூல்தாங்க. கண்ணாடி வழியா எடுத்துக்கங்க, ஃபிளாஷ் மட்டும் வேண்டாம்” என்றார் நர்ஸ். அந்தக் கண்ணாடியும் முழுக் கண்ணாடி இல்லை. பால் நிறத்தில் ஸ்டிக்கர் ஒட்டி, நடுவில் ஒரு கை அகலத்துக்கு மட்டும் பார்க்க இடம் விட்டிருந்தார்கள். என் மகளின் பெட்டி அதற்கு நேராக இருந்தது. அந்த ஒன்றில்தான் எங்களுக்கு அதிர்ஷ்டம்.

எனக்குப் போட்டோ எடுக்கத் தெரியாது என்று அதுவரை நான் நினைத்ததே இல்லை. போனைத் தூக்குகிறோம், அமுக்குகிறோம், அதில் தெரிய என்ன இருக்கிறது? வார்டுக் கட்டிலில் தையல் இழுக்கப் படுத்துக்கொண்டு, புதிதாகப் படம் எடுக்கப் பழகுகிறவர்களுக்கான வீடியோக்களைத் தேடித் தேடிப் பார்த்தேன். எல்லாவற்றிலும் ஒரு தம்பி “வணக்கம் நண்பர்களே” என்று சிரித்தபடி வந்தான். காலை வெயிலில் எடுங்கள் என்றான். பனமரத்துப்பட்டி ஏரி மாதிரி நல்ல இடமாகப் பார்த்துப் போங்கள் என்று ஒருவன். பொறுமைதான் நல்ல போட்டோகிராபருக்கு அழகாம். போனைச் சுவரில் அடிக்கலாம் போல இருந்தது.

ஆனாலும் விடாமல் பார்த்தேன். வேறு எதுவும் என் கையில் இல்லை. லென்ஸைத் துடைக்கச் சொன்னார்கள், துடைத்தேன். முழங்கை இரண்டையும் விலாவோடு ஒட்டிக்கொண்டால் கை ஆடாது என்றார்கள். ஒட்டினால் தையல் உயிரை எடுத்தது, ஒட்டிக்கொண்டேன். மூச்சை வெளியே விட்டு, அடுத்த மூச்சு இழுப்பதற்கு முன் அமுக்கப் பழகினேன். கண்ணாடியில் பின்னால் இருக்கும் வெளிச்சம் விழாமல் இருக்கக் கறுப்புத் துணியால் போர்த்திக்கொள்ள வேண்டுமாம். கறுப்புத் துணிக்கு எங்கே போவது?

நங்கை கொண்டுவந்தார். நங்கை என்றால் என் வீட்டுக்காரரின் அக்கா. சூரமங்கலத்தில் ரயில்வே குவார்ட்டர்ஸில் இருக்கிறார். தினமும் டவுன் பஸ்ஸில் எனக்குச் சோறு கொண்டுவருவார். பவுடர் போடாமல் வாசற்படி தாண்டாத மனுஷி. பிள்ளை இல்லை. தம்பியைத் தான் வளர்த்ததாக அவரே சொல்லிக்கொள்வார், அது பொய்யும் இல்லை. தன் வீட்டுக்காரர் சபரிமலைக்குக் கட்டும் கறுப்பு வேட்டியைப் பையிலிருந்து எடுத்து, “சாமி துணி, கால்ல படாமப் பாத்துக்க கண்ணு” என்று கொடுத்தார். அதைத் தலைவரை இழுத்துப் போர்த்திக்கொண்டு கண்ணாடியோடு ஒட்டி நின்றேன். போகிற வருகிறவர்கள் எல்லாம் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள்.

வெளிச்சம் போயிற்று. கண்ணாடியில் தெரிந்த நானும் போனேன். படத்தில் பெட்டி தெரிந்தது, குழாய் தெரிந்தது. முகம் மட்டும் மங்கலாகவே வந்தது. திரையில் முகத்தைத் தொட்டால் அது தெளிவாகும் என்று அந்தத் தம்பி சொல்லியிருந்தான். தொட்டுத் தொட்டு எடுத்தேன். எத்தனை எடுத்தாலும் அதே மங்கல். என் கைதான் நடுங்குகிறது என்று நினைத்து என் கையையே திட்டிக்கொண்டேன்.

சாயங்காலம் சிக்னல் கிடைத்ததும் அவர் கூப்பிட்டார்.

“மூஞ்சி தெரியல அம்மிணி. பொட்டு மட்டும் நல்லாத் தெரியுது.”

“என்ன பொட்டுங்க?”

“கண்ணாடில மை வெச்சிருக்குதே, அது. பெருசு பண்ணிப் பாத்தா ரேகை கூடத் தெரியுது. அக்கா வெச்சதா?”

அக்கா வைத்ததுதான். பெட்டிக்குள் கிடக்கும் குழந்தையைத் தொட்டுக் கன்னத்தில் மை வைக்க முடியாது. அதனால் நங்கை வந்த முதல் நாளே, வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்குக் குழந்தையின் முகம் எங்கே தெரியுமோ அதற்கு நேராகக் கண்ணாடியில் விரலால் அழுத்தி ஒரு பெரிய பொட்டு வைத்துவிட்டார். “பாக்கறவங்க கண்ணு மொதல்ல இதுல படோணும்.” கண்ணாடி துடைக்க வந்த ஆஸ்பத்திரி ஆயாவிடம் சண்டை போட்டு, அந்த இடத்தை மட்டும் தொடக்கூடாது என்று சொல்லிவைத்திருந்தார். தினமும் பார்த்துப் பார்த்து அது என் கண்ணுக்கே தெரியாமல் போயிருந்தது. போனின் கண் மட்டும் நங்கை சொன்னபடியே கேட்டிருக்கிறது. தூரத்தில் நின்றால் அது பொட்டைத்தான் பார்த்தது. கண்ணாடியோடு ஒட்டி நின்றால் பொட்டு முகத்தை மறைத்தது.

மறுநாள் காலை டாக்டர் ‘பார்க்கலாம்’ என்றுகூடச் சொல்லவில்லை. வீட்டில் பெரியவர்கள் யார் இருக்கிறார்கள் என்று கேட்டார். நங்கை போய்ப் பேசிவிட்டு வந்து சோற்றுப் பாத்திரத்தை மூடியே திறக்காமல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“நங்கையா, அந்த மையத் தொடச்சிரலாங்க” என்றேன்.

“வாயக் கழுவு. இன்னைக்குப் போயி பேசற பேச்சா இது?”

“அவரு பாக்கோணுமுங்க.”

“பொழச்சு வந்தா ஆயுசுக்கும் பாக்கட்டும்.”

“பொழைக்கலீன்னா?”

கேட்டுவிட்டேன். அதுவரை எங்கள் யார் வாயிலும் வராத வார்த்தை. நங்கை என்னை அடிப்பார் என்றுதான் நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். நான் பி.எஸ்சி. படித்தவள். கண்ணாடியில் இருக்கும் மை நுரையீரலை விரிக்காது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அதை என் கையால் துடைக்கும் தைரியம் எனக்கு இல்லை. நங்கை துடைக்கட்டும் என்றுதான் கேட்டேன்.

நங்கை எழுந்து போனார். முந்தானையால் கண்ணாடியை ஒரே இழுப்பில் துடைத்தார். பிறகு பையிலிருந்து மைச் சிமிழை எடுத்து, விரல் நிறைய வழித்துத் தன் கன்னத்தில் அப்பிக்கொண்டார். பவுடர் போட்ட கன்னத்தில் அரை கன்னத்துக்குக் கறுப்பு.

“எல்லாக் கண்ணும் எம்மேல உழுகட்டும். நீ எடு சாமி. வெரசா எடு.”

எனக்கு முதுகு காட்டி, நடைபாதையை மறித்தபடி, வருகிறவர்களைப் பார்த்து நின்றார். நான் கறுப்பு வேட்டிக்குள் நுழைந்தேன். லென்ஸைக் கண்ணாடியோடு ஒட்டினேன். முழங்கை விலாவில். முகத்தைத் தொட்டேன், இந்த முறை போன் முகத்தைப் பார்த்தது. அவள் கை வாயை மறைத்திருந்தது. காத்திருந்தேன். பொறுமை பொறுமை என்று பிதற்றிய அந்தத் தம்பியை அப்போது மன்னித்தேன். கை கொஞ்சம் நகர்ந்தது. மூச்சை விட்டேன். அமுக்கினேன்.

அவர் அன்று மதியமே கூப்பிட்டார். படத்தைப் பார்க்கச் சிக்னல் தேடி மேட்டில் ஏறி நின்றாராம்.

“மூக்கு அக்காளாட்டவே இருக்குது அம்மிணி” என்றார்.

போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். நங்கை மை பூசிய முகத்தோடு தன் மூக்கைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

அடுத்த நாள் என் மகள் இறந்துபோனாள். பெயர் வைத்திருக்கவில்லை. அவர் வந்து சேர்ந்தபோது ஊரில் காட்டுவதற்கு அவளைப் புதைத்த மண்ணும் இந்தப் படமும்தான் இருந்தன.

நங்கை எங்கள் வீட்டுக்கு வருவதை நிறுத்திவிட்டார். நான் தொடச்சனே, நானே தொடச்சனே என்று சொந்தக்காரர்களிடம் சொல்லி அழுவதாகக் கேள்விப்பட்டேன். அப்படியெல்லாம் இல்லை என்று ஓடிப்போய்ச் சொல்ல வேண்டும் என்று தோன்றும். சில நாட்களில் அப்படித்தானோ என்று எனக்கே தோன்றும்.

போன பொங்கலுக்கு நங்கை தானாகவே வந்தார். பவுடர் இல்லை. உட்கார்ந்ததும், “அந்தப் போட்டோவக் காட்டு” என்றார். அதுவரை அவர் அதைப் பார்க்கவே இல்லை. இரண்டு விரலால் படத்தை விரித்தார். முகத்தைப் பார்க்கிறார் என்று நினைத்தேன். அவர் பார்த்தது ஓரத்தை. குழந்தையின் நெற்றிக்குப் பக்கத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு தீற்றல். எண்ணெய் மை, முந்தானையால் ஒருமுறை இழுத்தால் போய்விடாது. படத்தில் இருக்கும் கறையை எடுக்க ஒரு ஆப் இருக்கிறது என்று வீடியோவில் பார்த்து, போனில் ஏற்றியும் வைத்திருந்தேன். இந்தத் தீற்றலை எடுத்துவிட வேண்டும் என்று பலமுறை திறந்து திறந்து மூடியிருக்கிறேன்.

“இது என்ன சாமி?”

“மைங்க. முழுசாப் போகல.”

“அப்போ பொட்டு இருந்துச்சா?”

“இருந்துச்சுங்க நங்கையா. கடைசி வரைக்கும் இருந்துச்சுங்க.”

போனை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நங்கை வாய்விட்டு அழுதார். அவர் போனபிறகு முதல் வேலையாக அந்த ஆப்பை அழித்தேன்.