குளத்துக்குள் கிடந்த டீச்சர் வீடு

நாகர்கோவிலில் உட்கார்ந்து கணினியில் வரைபடம் தயாரிப்பது என் வேலை. போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை புதுக்கடைப் பக்கம் போனதற்குக் காரணம், நான் தயாரித்த வரைபடத்தில் அந்த ஊர் லில்லி டீச்சரின் வீடு குளத்துக்குள் கிடந்ததுதான். ஊராட்சி அலுவலகத்தில் ஒட்டியிருந்ததைப் பார்த்துவிட்டு அவரே போன் செய்தார். வெள்ளிக்கிழமைக்குள் சரிசெய்யாவிட்டால் வீடு ஆக்கிரமிப்புப் பட்டியலில் ஏறிவிடும்.

காலை 7.10-க்கு வடசேரியில் பஸ். கருங்கல் வழியாகச் சுமார் 30 கிலோமீட்டர், 8.45-க்குப் புதுக்கடை. அங்கிருந்து ஆட்டோ 80 ரூபாய். "கொளத்துல வெள்ளத்தக் காணணும்னா ஐப்பசியில வரணும் சார்" என்றார் டிரைவர். எங்கள் பக்கம் வெள்ளம் என்றால் தண்ணீர்.

இந்த வேலை தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் பாடம். கணினிக்கு முன்பு சாலைக்கு ஒரு கண்ணாடித்தாள், நீர்நிலைக்கு ஒன்று, வீடுகளுக்கு ஒன்று என வரைந்து, அடியில் விளக்கு போட்ட மேசையில் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்ப்பார்கள். இப்போது அதையே திரையில் செய்கிறோம். ஒவ்வொரு கோட்டுக்குப் பின்னாலும் சர்வே எண்ணும் பெயரும் இருக்கும். எந்த வீடு எந்தக் குளத்தில் என்று கேட்டால் நொடியில் பட்டியல் வரும். பழைய கிராம வரைபடத்தைச் செயற்கைக்கோள் படத்தோடு பொருத்த, இரண்டிலும் தெரிகிற நாலு இடங்களில் புள்ளி குத்த வேண்டும். நான் குத்தியது இரண்டு பாலம், ஒரு சாலை முக்கு, ஒரு சர்ச். பிழை இருப்பதாகக் கணினி சொல்லத்தான் செய்தது. பழைய தாள், சுருங்கியிருக்கும் என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

டீச்சர் கேட்டைத் திறந்ததும், "எனக்க வீட்டுல எவ்வளவு வெள்ளம் நிக்கு, பாத்தியளா சார்?" என்றார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. சற்றுத் தள்ளித் தெரிந்த சர்ச்சைக் காட்டி, அதை வைத்துத்தான் பொருத்தினேன் என்றேன்.

"அது புதுசுல்லா. பழைய சர்ச்ச இடிச்சுட்டு ரோட்டுக்கு இந்தப் பக்கம் பெருசா கெட்டினோம். பழைய அஸ்திவாரம் இப்பவும் அந்தப் பக்கம் கெடக்கு."

எங்கள் மாவட்டத்தில் சபை பெருகினால் சர்ச்சும் பெரிதாகும். சில இடங்களில் நகர்ந்தும் போகும். இங்கேயே பிறந்த எனக்கு அது தோன்றவில்லை. பழைய அஸ்திவாரத்திலிருந்து புது சர்ச் வரை டேப் பிடித்தோம்: 38 மீட்டர். அவருடைய சாப்பாட்டு மேசையில் லேப்டாப்பை வைத்து, சர்ச் புள்ளியை அஸ்திவாரத்துக்கு மாற்றினேன். குளம் மேற்கே போனது, வீடு கரையேறியது. ஆனால் குளத்தின் மேற்கு ஓரம் சபையின் புதுக் கல்யாண மண்டபத்தின்மேல் போய் நின்றது.

டீச்சர் திரையில் அந்த மண்டபத்தின்மேல் விரலை வைத்தார். "மகளுக்கு அங்கதான் கல்யாணம். கார்டும் அடிச்சாச்சு." "ரெண்டு சர்வே கல்லு உண்டு. அதயும் பாத்துருவோம் சார்" என்று அவரே எழுந்தார். கற்களும் அதையே சொல்லின. அளவுத்தாளில் சாட்சிக் கையெழுத்தை அவர்தான் போட்டார்.

இதே வேலையாகக் குமரிக்கு வருகிறவர்கள் சர்ச்சை நம்பிப் புள்ளி குத்த வேண்டாம். சர்வே கல்லைத் தேடுங்கள். 30 மீட்டர் டேப் போதாது, 50 கொண்டுவாருங்கள்.

நேற்று கல்யாணக் கார்டு வந்தது. சபை மண்டபத்தின் பெயர் இருந்த இடத்தில், வேறொரு மண்டபத்தின் பெயரை அச்சடித்து மேலே ஒட்டியிருந்தார்கள்.