முதுகில் இருந்த கிளிப்புகள்

திருப்பூரில் விளையாட்டு உடை தைக்கும் எங்கள் கம்பெனிக்கு ஓர் ஆன்லைன் கடை இருந்தது. அதில் எல்லா டி-ஷர்ட்டையும் போட்டுக்கொண்டு நின்றது பாக்கிங்கில் வேலை பார்த்த நான்தான். படத்தில் என் தலையை மட்டும் வெட்டிவிடுவார்கள்.

கடையைப் புதிதாக மாற்றி அமைத்தபோது, முகத்தோடு நிற்க பெங்களூரிலிருந்து ஒரு மாடலைக் கூட்டிவந்தார்கள். எனக்கு வயிறு எரிந்தது.

படமெடுக்கும்போது அவன் திரும்பினான். தொளதொளத்த டி-ஷர்ட்டை முதுகில் வரிசையாகக் கிளிப் போட்டு இறுக்கியிருந்தார்கள்.

"சாம்பிள் பூராவும் உங்க உடம்புக்குத் தைச்சதுங்க. அவருக்கு எப்படி நிக்கும்?" என்றார் கட்டிங் மாஸ்டர். அன்று நன்றாகச் சாப்பிட்டேன்.

புதுக் கடை திறந்ததும் பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து அவன் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்து நாற்காலிக்காரர் எட்டிப் பார்த்தார்.

"அவருக்குன்னே தைச்ச மாதிரி இருக்குதுங்க."

ஆமாங்க என்றேன். அந்த முகம் இப்போது மறந்துவிட்டது. முதுகு மறக்கவில்லை.