வால்வில் வைத்த சந்தனம்

திருத்தணி சிவப்பிரகாசத்துக்கு வயது ஐம்பத்து மூன்று. அரக்கோணம் ரயில் நிலையத்தில் டிக்கெட் கொடுக்கிறார். வெற்றிலை குதப்பும் வாய், போனில் பேசிக்கொண்டே பணம் நீட்டும் வாய், எந்த வாய் சொன்னாலும் கண்ணாடி ஓட்டை வழியாக வருவது சித்தேரியா சித்தூரா என்று இருபத்தெட்டு வருஷமாகப் பிழையில்லாமல் பிரித்து வருகிறார். இவரால் ஒரு பயணியும் வேறு ஊரில் போய் நின்றதில்லை. இப்படிப்பட்ட காதை வைத்திருப்பவர், பாட்டு விஷயத்தில் மட்டும் அதை அக்கா புருஷனிடம் அடகு வைத்திருந்தார்.

அக்கா புருஷன் சந்திரமோகன், கே.ஜி.கண்டிகையில் மைக் செட் நடத்துகிறவர். ஆந்திரா கூப்பிடு தூரம் என்பதால் இவர் அத்தான் இல்லை, பாவா. ஆடிக்கிருத்திகைக்கு இவர் கட்டும் குழாய்கள் போடும் சத்தத்தில் மலைப்படியில் நிற்பவர்கள் வேண்டுதலையே மறந்துவிடுவார்கள். அப்பேர்ப்பட்டவருக்கு நுண்ணிய ஓசை தெரியும் என்று மச்சான் எப்படி நம்பினார் என்று கேட்கக் கூடாது. குடும்பத்தில் ஒருவரை நிபுணர் என்று ஒருமுறை ஒப்புக்கொண்டால், அப்புறம் அவருக்குப் பரீட்சை வைக்கிற வழக்கம் நம்மிடம் கிடையாது.

இருபது வருஷமாக ஞாயிற்றுக்கிழமை காலையில் பாவா வருவார். இட்லி ஆனதும் நாதஸ்வர இசைத்தட்டு சுழலும். பாவா கண்ணை மூடுவார். ஒரு பக்கம் முடிந்ததும் கண்ணைத் திறந்து, "கீழ் சுருதி கொஞ்சம் மந்தமா கீது மச்சான்" என்பார். "ஆமாம் பாவா" என்பார் சிவப்பிரகாசம். அவர் காதில் மந்தமாக எதுவும் விழுந்திருக்காது. ஆனாலும் ஆமாம்தான்.

போன வருஷம் பழைய ஆம்ப்ளிஃபயர் படுத்தது. இனி வாங்கினால் வால்வு ஆம்ப்ளிஃபயர்தான் என்று சிவப்பிரகாசம் முடிவு செய்தார். கண்ணாடிக் குடுவைக்குள் கம்பி பழுத்து எரிய, அதன் வழியாகப் பாட்டு வரும் பழைய ஏற்பாடு அது. யூடியூபில் அதை 'டியூப்' என்கிறார்கள். வீட்டிலும் அவர் அப்படியே சொல்லிவைத்தார்.

"கூடத்துல இருக்கற டியூப்பே நல்லாத்தான எரியுது?" என்றார் மனைவி அனுராதா.

தேர்வுக்கு இரண்டு வந்தன. ஒன்று, அரக்கோணத்தில் சாமிநாதன் என்பவர் தன் கையால் கட்டி விற்கும் இரும்புப் பெட்டி. பார்க்க லாரி பேட்டரி மாதிரி இருக்கும், வால்வுகளுக்கு மேல் எலிக்கூண்டு மாதிரி ஒரு வலை. மற்றது இணையத்தில் விற்றது. தேக்கு நிறப் பலகை, தங்க முலாம் பூசிய திருகு, ஆரஞ்சாய் ஒளிரும் நான்கு வால்வுகள்.

பாவாவும் மச்சானும் சாமிநாதன் வீட்டுக்குப் போனார்கள். பெட்டியைப் போட்டதும் அரை நிமிஷம் ஒன்றும் வரவில்லை. பிறகு நாதஸ்வரம் வந்தது. சிவப்பிரகாசத்துக்குப் பின்கழுத்து சிலிர்த்தது. வித்வான் மூச்சு வாங்குவதுகூடக் கேட்டது.

பாவா கண்ணைத் திறந்தார். "ஹம் வருது மச்சான். அடியில 'ம்ம்ம்'னு ஒரு இரைச்சல். கேக்கல?"

சிவப்பிரகாசத்துக்குக் கேட்கவில்லை. சாமிநாதன் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஆமாம் பாவா, வருது" என்றார் சிவப்பிரகாசம்.

தேக்குப் பலகை வீட்டுக்கு வந்தது. நான்கு மாதம் அதன் ஆரஞ்சு வெளிச்சத்தில் உட்கார்ந்து, டிக்கெட் கவுன்ட்டர் நண்பர்களிடம் "அந்தச் சூடு இருக்கே, பாட்டுலயே தெரியும்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். பாவாவும் ஞாயிறு தவறாமல் வந்து, "வெதுவெதுன்னு கீதுய்யா" என்று ஆமோதித்தார்.

ஆயுதபூஜை வந்தது. அனுராதா கிரைண்டர், மிக்சி, ஸ்கூட்டர், தையல் மெஷின் என்று வரிசையாகச் சந்தனம் வைத்துக்கொண்டே வந்தார். கூடத்தில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. குளித்துவிட்டு வந்த சிவப்பிரகாசம், மனைவியின் விரல் எரிந்துகொண்டிருக்கும் வால்வின் தலைக்குப் போவதைப் பார்த்தார்.

"ஏய்! கை பொசுங்கிடும்டி!"

அதற்குள் பொட்டு வைத்தாகிவிட்டது. நான்குக்கும்.

"எதுக்கு கத்தறீங்க? சில்லுனுதான் கீது. குங்குமம்கூட வெச்சிட்டேன் பாருங்க."

அவர் தொட்டுப் பார்த்தார். சில்லென்றுதான் இருந்தது. ஒரு வால்வைப் பிடுங்கினார். பாட்டு நிற்கவில்லை. இரண்டாவதையும் மூன்றாவதையும் பிடுங்கினார். நான்காவதும் கைக்கு வந்தபின்பும், பாட்டு முன்னைவிட உற்சாகமாக ஓடிக்கொண்டிருந்தது. நான்கு குழிகளுக்குள்ளும் கடுகளவு ஆரஞ்சு எல்.இ.டி. விளக்குகள் மினுக்கின. பாடியது உள்ளே கிடந்த ஏதோ ஒரு எலெக்ட்ரானிக் சில்லு.

இந்த இடத்திலும் அவருக்குப் பாவா மேல் சந்தேகம் வரவில்லை. 'ஐயோ, அவரையும் ஏமாத்திட்டானுங்களே' என்றுதான் தோன்றியது. இத்தனை வருஷம் சவுண்டு வைத்தவர், விஷயம் வெளியே தெரிந்தால் அவர் பேர் என்ன ஆவது? பக்குவமாகச் சொல்ல வேண்டும். ஒரு பையில் பொரியும் கடலையும் கட்டிக்கொண்டு ஸ்கூட்டரைக் கிளப்பினார்.

கே.ஜி.கண்டிகை வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தியபோது உள்ளே நாதஸ்வரம் ஓடிக்கொண்டிருந்தது. அவர் பின்கழுத்து சிலிர்த்தது.

கதவைத் திறந்த அக்கா தமிழ்செல்வி சிரித்தார். "வாடா. உம் பாவா அந்த அரக்கோணத்து பொட்டிய கட்டிகினு அழுவறாரு. நீதான் வேணாம்னு தள்ளிட்டியாமே?"

கூடத்தில் எலிக்கூண்டு வலைக்குள் வால்வுகள் பழுத்து எரிந்தன. பக்கத்தில் நின்றாலே அனல் அடித்தது. பாவா பாதி எழுந்து, பாதி உட்கார்ந்தார்.

"வா மச்சான். உக்காரு. நானே சொல்லணும்னு இருந்தேன்."

"ஹம் போயிடுச்சா பாவா?"

"ஆங்... அது சாமிநாதன் ஏதோ ஒரு கெபாசிட்டர மாத்தனாரு."

"எங்க மாத்தனாரு?" சமையலறையிலிருந்து அக்காவின் குரல் வந்தது. "நீங்க ரெண்டு பேரும் கேட்டுட்டு வந்தீங்களே, அன்னிக்கி சாயந்தரமே போய் தூக்கினு வந்துட்டாரு. அதுலருந்து தொடைக்கக்கூட வுடல."

நான்கு மாதத்து ஞாயிறுகளை எண்ண வேண்டியதில்லை. இங்கே இதைக் கேட்டுவிட்டு, அங்கே வந்து கண்ணை மூடி 'வெதுவெதுன்னு கீது' என்று சொல்லியிருக்கிறார்.

"இன்னொண்ணு கட்ட ஆறு மாசம் ஆவும்னாரு மச்சான். எனக்கும் வயசாவுதில்ல?" என்ற பாவாவுக்குச் சட்டென்று குரல் உயர்ந்தது. "அதுவும் இல்லாம, நானா வேணாம்னேன்? ஹம் வருதுன்னு நீதான உன் வாயால சொன்ன? சாமிநாதனே சாட்சி."

அது உண்மை. சிவப்பிரகாசம் நின்றபடியே மிச்சப் பாட்டைக் கேட்டார். மூச்சு வாங்கும் இடம் வந்தது, போனது. தட்டின் ஒரு பக்கம் முடிந்தது.

பழக்க தோஷம் பாவாவை விடவில்லை. "எப்டி கீது மச்சான்?" என்றார்.

"நல்லா கீது பாவா. அன்னிக்கே நல்லாத்தான் இருந்துது. எனக்கு நல்லாவே கேட்டுது."

பாவா தட்டைத் திருப்பிப் போடக் குனிந்தார், நிமிரவில்லை. அந்த வேலைக்கு அவ்வளவு நேரம் ஆகாது.

"சாப்ட்டுட்டு போடா, வடை போட்டுகினு கீறேன்" என்றபடி அக்கா வெளியே வந்தபோது, பொரிப் பை நாற்காலியில் இருந்தது. தம்பி வாசலில் குனிந்து செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார்.