ஒரு கதவையும் விடாமல்

யாராவது ஆங்கிலத்தில் ஏதாவது கேட்டால் பாலேஸ்வரி அக்கா முதலில் கைகளை வெளியே எடுப்பார். பஸ் சாரதி கேட்டாலும் சரி, பை வேண்டுமா என்று கடைப் பெண் கேட்டாலும் சரி. கோட்டுப் பைக்குள் இருந்த கைகள் கையுறையோடு வெளியே வரும். விரல்கள் விரியும், உள்ளங்கைகள் கேட்டவர் பக்கம் சற்றே திரும்பும், பார்வை கேட்டவரின் சப்பாத்தில் போய் நிற்கும். கேள்வி முடிய முன்னரே பதில் வந்துவிடும்: "ஐ டோன்ற் நோ." அதற்குப் பிறகுதான் கேள்வி அவருக்குள் போய்ச் சேரும். "ஓ, பாக்கோ... நோ, நோ, தாங்யூ" என்று சிரிப்பார்.

ஒருநாள் கென்னடி வீதியில் பஸ்ஸுக்கு நின்றபோது இதைப் பற்றிக் கேட்டேன்.

"ஆமிச் சென்றியில பழகினது தம்பி" என்றார். "தெரியும் எண்டு சொன்னா அடுத்த கேள்வி வரும். தெரியாது எண்டா போ எண்டுவான். கை வெளியில தெரியவேணும், அவ்வளவுதான்."

"இஞ்ச சென்றி இல்லையே அக்கா."

"அது எனக்குத் தெரியும். கைக்குத் தெரியேல்லையே."

டோர்செட் பார்க்கில் ஒரு மாடிக் கட்டடத்தில் அவர்களுடைய வீட்டின் சின்ன அறையில் நான் வாடகைக்கு இருந்தேன். அக்காவின் கணவர் இராசரத்தினம் அண்ணைக்குப் பகலில் ஒரு வேலை, மாலையில் உணவகம் ஒன்றில் கோப்பை கழுவும் வேலை. அக்கா படிக்கட்டும் என்பதற்காகவே இரண்டாவது வேலையைப் பிடித்தவர். என் கட்டிலில் கிடக்கும், என் கவிதைகள் வந்த போட்டோக் கொப்பிச் சஞ்சிகைகளை எடுத்துப் புரட்டிப் பார்த்து, "வரியை முறிச்சு முறிச்சு அடிச்சா கவிதையோடாப்பா? பேப்பரெல்லோ வீண்" என்பார். மறுமொழி சொல்லத் துணிவில்லாமல் நான் சிரிப்பேன்.

அக்காவும் நானும் ஒரே கல்லூரியில் படித்தோம். நான் மின்னணுவியல், அவர் தாதியர் படிப்பு. முப்பத்தாறு வயதில், தன் வயதில் பாதியே ஆன பிள்ளைகளோடு வெள்ளைச் சப்பாத்துப் போட்டுக்கொண்டு போனார். அகதிகளாக வந்தவர்களுக்கென்று கல்லூரி தன் சொந்த நிதியிலிருந்து ஓர் உதவிப்பணம் கொடுத்தது. அது இருந்தபடியால்தான் அந்தப் படிப்பு. அதை விட்டால் அவருக்கு வேறு வழி இல்லை. இது வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த விடயம், ஒருவரும் வாயால் சொல்வதில்லை.

தொண்ணூற்றைந்தின் குளிர்காலத்தில் யூத மாணவர் சங்கத்தின் அறைக் கதவில் யாரோ கறுப்பு மையால் அசிங்கமாக எழுதிவிட்டுப் போனார்கள். ஆளைப் பிடிக்கவில்லை. அதன் பிறகு கல்லூரி ஒரு விதி கொண்டுவந்தது. யூதருக்கு எதிராகவோ வேறெந்த மக்களுக்கு எதிராகவோ வெறுப்பைப் பரப்புகிற மாணவருக்குக் கல்லூரியின் உதவிப்பணம் நிறுத்தப்படும். உதவிப்பணம் வாங்குகிற எல்லோரையும் கூப்பிட்டு இதைச் சொன்னார்கள். அக்காவோடு படித்த ரதி மட்டும் வெளியே வந்து முணுமுணுத்தாள்.

"காசுள்ளவன் எழுதினா என்னத்தை வெட்டுவினமாம்?"

"எங்களுக்கென்ன பிள்ளை, நாங்கள் என்ன எழுதவே போறம்" என்றார் அக்கா.

அந்த விதி பிழையென்று நான் அன்றைக்கு நினைக்கவில்லை. அந்தக் கதவை நான் பார்த்திருந்தேன். துடைத்த பிறகும் எழுத்தின் நிழல் அதில் கிடந்தது.

சனிக்கிழமைகளில் அக்கா வீடு வீடாக விளம்பரத் தாள், அதாவது ஃபிளையர், போடுவார். எங்கள் கட்டடத்தில் பாதிப்பேர் அதைச் செய்தார்கள். பொன்னம்பலம் அண்ணை தன் வான் வண்டியில் பீட்சாக் கடை, கம்பளம் கழுவுகிற கம்பனி, பல் வைத்தியர் என்று கட்டுக் கட்டாகக் கொண்டுவந்து இறக்குவார். அந்த வேலைக்கு ஒரே ஒரு சட்டம்தான்: ஒரு கதவையும் விடக்கூடாது. கம்பனிக்காரர் பிறகு ஏதாவது ஒரு வீட்டுக்கு ரெலிபோன் எடுத்துக் கிடைத்ததா என்று கேட்பார்கள். இல்லையென்று ஒரு வீடு சொன்னாலும் முழுத் தெருவுக்கும் காசு வராது. என்ன எழுதியிருக்கிறது என்று யாரும் பார்ப்பதில்லை. கண் கதவில் இருக்கும், பெருவிரல் நகம் தாளை மடித்துக்கொண்டு போகும்.

தொண்ணூற்றாறு மாசியில் பொன்னம்பலம் அண்ணை ஒரு சின்னத் தாள்கட்டை அக்காவிடம் தனியாகக் கொடுத்தார்.

"இது உங்கட கொலிச்சுக்காம் பிள்ளை. ஆரோ ஒரு வெள்ளை கொண்டுவந்து தந்தவன். எப்பிடியும் அங்கதானே போறீர், கையோட போட்டுவிடும்."

"என்ன விளம்பரம் அண்ணை?"

"உதை ஆர் வாசிச்சது? கூடக் காசு தாறான், அது காணும்."

திங்கட்கிழமை, வகுப்புக்கு முன்னர், அக்கா மாணவர் நிலையத்தின் மேல்மாடிக்குப் போனார். தான் அறிந்த முறைப்படியே செய்தார். சதுரங்கச் சங்கம், சீன மாணவர் சங்கம், புகைப்படச் சங்கம், கத்தோலிக்க மாணவர் சங்கம், ஒவ்வொரு கதவின் கீழும் ஒவ்வொரு தாள். யூத மாணவர் சங்கத்தின் கதவின் கீழும் ஒன்று. உள்ளே மிரியம் என்றொரு மாணவி இருந்தாள். தாளை எடுத்து வாசித்துவிட்டுக் கதவைத் திறந்தாள். அடுத்த கதவடியில் குனிந்து நின்ற அக்கா நிமிர்ந்து அவளைப் பார்த்துத் தலையசைத்து, "குட் மோர்னிங்" என்று சிரித்தார்.

ஐரோப்பாவில் யூதர்கள் கொல்லப்பட்டதெல்லாம் பொய், காசு பறிக்கக் கட்டிய கதை என்று அந்தத் தாளில் இருந்தது.

அந்தக் கிழமையே விசாரணைக்கு அழைத்தார்கள். மொழிபெயர்க்க ஓர் ஆளைக் கூட்டிவரலாம் என்றார்கள். அக்கா என்னைக் கேட்டார்.

"அண்ணைக்குச் சொன்னனீங்களோ?" என்றேன்.

"சொல்லேல்லை. நீரும் சொல்லாதையும். அந்த மனிசன் கையெல்லாம் சோப்பில வெடிச்சுப்போய் வந்து படுக்குது. உந்தக் கதையையும் அதின்ர தலையில போடவே?"

அன்று மாலை பொன்னம்பலம் அண்ணையும் கீழே வான் நிறுத்துமிடத்தில் அக்காவைப் பிடித்துக்கொண்டார். "பிள்ளை, என்ர பேரைச் சொல்லிப்போடாதையும். என்ர அகதிக் கேஸ் இன்னும் போர்ட்டில கிடக்கு. உப்பிடியொரு கரைச்சல் எண்டால் திருப்பி அனுப்பிப்போடுவாங்கள்." அக்கா தலையை ஆட்டினார்.

விசாரணை அறையில் மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். நடுவில் இருந்தவர் தலைவி, தடிமன் பிடித்து மூக்கடைத்த, மெல்லிய குரலில் பேசுகிற பெண். மேசையின் ஓரத்தில் மிரியம். அவள் கோபமாக இருப்பாள் என்று நினைத்துக்கொண்டு போனேன். அவள் நித்திரையில்லாதவள் போலத்தான் இருந்தாள்.

தலைவி முதல் கேள்வியை அமைதியாகத்தான் கேட்டார்: இந்தத் தாளை உங்களிடம் தந்தது யார்?

நான் தமிழில் சொல்ல வாயெடுக்க முன்னர் அக்காவின் கைகள் மடியிலிருந்து மேசைக்கு வந்துவிட்டன. விரல்கள் விரிந்தன.

"ஐ டோன்ற் நோ."

இதில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியுமா?

"ஐ டோன்ற் நோ."

அது உண்மை. முதலாவது பொய், இரண்டாவது உண்மை, இரண்டும் ஒரே மாதிரிக் கேட்டன. நான் இடையில் புகுந்து, அவர் வாசிக்கவில்லை, ஒரு கதவும் விடாமல் போடுவதுதான் அந்த வேலை என்றேன். தலைவி கையை உயர்த்தினார். மொழிபெயர்க்க வந்தவர் அவர் சொல்வதை மட்டும் சொன்னால் போதும் என்றார். அதிலும் நியாயம் இருந்தது. "அக்கா, சொல்லுங்கோ, எல்லாக் கதவுக்கும் போட்டனான் எண்டு சொல்லுங்கோ" என்றேன் தமிழில். அவர் மேசைக்குக் கீழே யாருடைய சப்பாத்தையோ பார்த்துக்கொண்டிருந்தார்.

மிரியம் பேச அனுமதி கேட்டாள். அக்காவைப் பார்த்தே பேசினாள். தன் அப்பாவின் பக்கத்தில் தனக்குச் சொந்தமென்று யாருமே இல்லை என்றாள். பெரியப்பா, மாமி, மச்சாள் என்று எல்லோருக்கும் யாராவது இருப்பார்கள், அப்பாவுக்கு ஒரு படம்கூட இல்லை, ஏனென்றால் அவர்களை ஓர் இடத்துக்குக் கொண்டுபோய்க் கொன்றுவிட்டார்கள். பிறகு அவள் கேட்டாள்: "அது நடந்தது. நடந்தது என்று உங்களுக்குத் தெரியும்தானே?"

அவளுடைய குரலில் கெஞ்சல் மாதிரி ஏதோ இருந்தது. ஓம் என்ற ஒரு சொல்லுக்காகத்தான் அவள் அங்கே வந்திருந்தாள் என்று எனக்குப் பட்டது.

உள்ளங்கைகள் இன்னும் கொஞ்சம் திரும்பின.

"ஐ டோன்ற் நோ" என்றார் பாலேஸ்வரி அக்கா.

மிரியம் எழுந்து வெளியே போனாள். கதவை அடித்துச் சாத்தவில்லை. மெதுவாக, பூட்டு விழுகிற சத்தம் கேட்கும்வரை பிடித்துச் சாத்தினாள்.

தலைவி முடிவைச் சொன்னார். உதவிப்பணம் இந்தத் தவணையோடு நிற்கும். ஆனால் விதியில் ஓர் இடம் உண்டு: பாதிக்கப்பட்டவர் ஒரு மாதத்துக்குள் உங்களோடு பேசி, திருப்திப்பட்டு, எங்களிடம் வந்து சொன்னால் மீண்டும் யோசிப்போம். அது அவருடைய விருப்பம். நீங்களாக அவரைத் தேடிப் போகக்கூடாது. உங்கள் ரெலிபோன் இலக்கத்தை அவரிடம் கொடுப்போம். நான் இதை ஒவ்வொரு வசனமாகத் தமிழில் சொன்னேன். அக்கா எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். இலக்கத்தைத் தன் கையாலேயே எழுதிக் கொடுத்தார்.

பஸ்ஸில் ஏறினோம். எல்ஸ்மியர் வீதி வந்த பிறகு, அக்கா "அந்தத் தாள் உம்மட்ட இருக்கோ? என்ன கிடக்கெண்டு வாசிச்சுச் சொல்லும்" என்றார். மெல்லிய குரலில் தமிழாக்கிச் சொன்னேன். நல்ல ஆங்கிலம், அடுக்கடுக்காக வாதம், இலக்கங்கள். தமிழில் சொல்லச் சொல்ல என் நாக்கில் அழுக்கு ஒட்டுவது போல இருந்தது. அவர் என்னைப் பாதியில் நிறுத்தினார்.

"எங்கட ஒழுங்கையில குண்டு விழுந்த அண்டு, ஒருத்தரும் சாகேல்லை எண்டு ரேடியோவில சொன்னவங்கள். நான் பங்கருக்குள்ள இருந்து கேட்டனான். சித்தியின்ர பிரேதத்தை முற்றத்தில வளத்தியிருந்தது." ஜன்னலில் படிந்த ஈரத்தை விரலால் துடைத்தார். "அப்பிடியொரு பொய்யையே நான் அந்தப் பிள்ளையின்ர கதவுக்குக் கீழ தள்ளினனான்?"

நான் தாளை மடித்துப் பையில் வைத்தேன்.

"அவள் ரெலிபோன் எடுத்தாச் சொல்லுவன். தம்பி, நீர் பக்கத்தில நிக்கவேணும். இங்கிலிசில எப்பிடிச் சொல்லுறதெண்டு இப்பவே சொல்லித்தாரும்."

சொல்லிக்கொடுத்தேன். எங்கள் ஒழுங்கையிலும் குண்டு விழுந்தது, பொய் சொன்னார்கள், எனக்குத் தெரியும். ஐ நோ. அந்த இரண்டு சொற்களையும் அவர் குசினியில் கறி கிளறியபடி, குளிர்ப்பெட்டியைத் துடைத்தபடி சொல்லிப் பார்த்தார். கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னால் கைகள் தாமாக விரிந்தன. கரண்டியைப் பிடித்தபடி சொன்னால் சரியாக வந்தது.

மாலைகளில் எனக்குப் பெற்றோல் நிலையத்தில் வேலை. வந்ததும் அக்காவின் முகத்தைப் பார்ப்பேன். அவர் இல்லையென்று தலையசைப்பார். வகுப்பும் ஃபிளையரும் போக மற்ற நேரமெல்லாம் ரெலிபோன் இருந்த பக்கமே இருந்தார். கல்லூரியில் மிரியத்தை ஒருமுறை தூரத்தில் கண்டதாகவும், சொன்னபடி மற்றப் பக்கம் திரும்பி நடந்ததாகவும் சொன்னார். மாதம் முடிந்தது. அழைப்பு வரவில்லை.

"அவளைக் குறை சொல்லக்கூடாது" என்றார். "நானெண்டாலும் எடுத்திருக்க மாட்டன்."

இராசரத்தினம் அண்ணையிடம், தனக்குப் படிப்பு ஏறவில்லை என்று சொன்னார். அண்ணை ஒன்றும் ஏசவில்லை. "சரி, இந்த வயதில ஏலுமே" என்று சொல்லிவிட்டு ரீவியைப் போட்டார். அன்றைக்கு ஏசியிருந்தால் நல்லது என்று எனக்குத் தோன்றியது. அக்கா வெள்ளைச் சப்பாத்தை ரதிக்குக் கொடுத்தார். ரதியின் காலுக்கு அது சிறிது, ஆனாலும் வாங்கிக்கொண்டாள்.

பிறகு அவர் மிசிசாகாவில், விமான நிலையத்துக்குப் பக்கத்தில், விமானங்களுக்குச் சாப்பாட்டுத் தட்டு அடுக்குகிற இடத்துக்குப் போனார். விடிய முன்னர் வான் வரும். ஒரு வருடத்துக்குள் முழங்கை பிடித்துக்கொண்டது. வேலையால் வரும்போது ஈரக் கையுறையின் மணம் வரும். ஃபிளையர் போடுவதை விட்டுவிட்டார். வீட்டுக் கதவடியில் வந்து விழுகிற ஒவ்வொரு தாளையும் எடுத்து, பீட்சா விளம்பரம் என்றாலும், எழுத்துக் கூட்டி முழுவதையும் வாசித்த பிறகுதான் குப்பையில் போடுவார். நான் அறையை விட்டு வேறிடம் போனபோது வாசலில் நின்று வழியனுப்பினார். "கவிதை எழுதுறதெண்டா எழுதும் தம்பி, ஆனா என்னைப் போட்டிராதையும்" என்றார். கைகள் அன்றைக்கும் வெளியேதான் இருந்தன.

தொண்ணூற்றொன்பதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இராசரத்தினம் அண்ணையை லோறன்ஸ் வீதிக் கோப்பிக் கடையில் கண்டேன். புதிதாக, கூப்பிடுகிறவரின் பெயர் காட்டும் ரெலிபோன் வாங்கியிருந்தார். அதைப் பற்றியே பேசினார்.

"இப்பச் சுகமடாப்பா. ஆர் எண்டு பாத்திட்டு எடுக்கலாம். முந்தி உந்தக் கடன் கேக்கிற கலெக்சன்காரரோட என்ன பாடு. இங்கிலிசில ஆர் கேட்டாலும் நான் சொல்லுறது ஒரே பதில்தான்." கோப்பியை ஊதிக் குடித்தார். "ஒருக்கா ஒரு பெட்டை ரெண்டு மூண்டு தரம் விடாமல் எடுத்தவள். உம்மட அக்கா படிப்பை விடுறதுக்குக் கொஞ்சம் முந்தி, அவ ஃபிளையருக்குப் போயிருந்தவ. பாலேஸ்வரி இருக்கிறாவோ எண்டு நல்ல மரியாதையாத்தான் கேட்டவள். பேர்கூட ஏதோ மிரியமோ, மேரியமோ எண்டு சொன்னவள். கலெக்சன்காரர் இப்ப பொம்பிளைப் பிள்ளையளை வைச்செல்லோ கேக்கிறாங்கள். அப்பிடி ஒருத்தரையும் தெரியாது எண்டு சொல்லி வைச்சிட்டன்."