சீர்த்தட்டில் கூட்டி வைத்த ஒன்று

ஹேமநாதனுக்குக் கம்பெனிச் சட்டத்தை யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. மலேசியாவின் மூவாரில் ஒரு நாற்காலித் தொழிற்சாலையில் மரம் அறுத்துக்கொண்டிருந்தவர், தனியே பட்டறை போட்டு, சிங்கப்பூர் அடுக்குமாடி வீடுகளுக்குப் பூசை மேடை செய்து அனுப்பத் தொடங்கிய பிறகு தானே படித்துத் தெரிந்துகொண்டார். மரக்கடை ரசீதுவரை எல்லாவற்றையும் கோப்பில் கோத்து வைப்பவர். அப்படிப்பட்டவரைத்தான் ஏமாற்றினார்கள், அதுவும் இருட்டில் அல்ல, குத்துவிளக்கு ஏற்றிவைத்து.

சிங்கப்பூரில் ‘அருள்மேடை’ என்ற பெயரில் கம்பெனி பதிய விரும்பினார். அங்கே குடியிருக்கும் ஒருவராவது இயக்குநராக இருந்தே ஆக வேண்டும் என்பது அந்நாட்டுச் சட்டம். பதிவு முகவர் நுஸ்ரத், கட்டணத்துக்கு ஓர் ஆளை அமர்த்தித் தருவதாகவும், கம்பெனியில் உரிமை கோரமாட்டேன் என்று அவரிடம் ஒப்பந்தம் எழுதி வாங்கிக்கொள்ளலாம் என்றும் சொன்னார். சிங்கப்பூரிலேயே வாழ்க்கைப்பட்டிருந்த அக்கா பிரேமலாவுக்குப் பொறுக்கவில்லை.

“அத்தான் யீசூன்ல குத்துக்கல்லாட்டம் இருக்கும்போது வெளியாளைத் தேடுவியா? அப்புறம் என்னா சொந்தம்லா?”

அத்தான் மகேஸ்வரன் சிரித்தார். “மச்சானுக்கு என் மேல நம்பிக்கை இல்ல பிரேமா. ஸ்டாம்ப் ஒட்டி எழுதிக் கேப்பாரு, பாரு.”

எழுதிக் கொண்டுபோயிருந்த ஒப்பந்தத்தை ஹேமநாதன் பையிலிருந்து எடுக்கவே இல்லை. அக்காள் கணவரிடம் கையெழுத்துக் கேட்பது அவரைச் சபையில் அடிப்பதற்குச் சமம்.

அத்தானையே உள்ளூர் இயக்குநராகப் போட்டுப் பதிவு முடிந்த கையோடு அக்காள் மகள் லோஷினிக்குச் சடங்கு வந்தது. “நகையெல்லாம் வேணாம் மச்சான். கம்பெனியில பாதிப் பங்கைச் சீரா வையுங்க. புள்ள பெரிசாகிற வரைக்கும் என் பேர்ல கெடக்கட்டும்” என்றார் மகேஸ்வரன். பிள்ளையில்லாத ஹேமநாதனுக்கு லோஷினிதான் எல்லாம். மொத்தம் நூறு பங்கு, பாதி ஐம்பது. ஆனால் பூஜ்யத்தில் முடியும் தொகையை எந்தத் தாய்மாமன் சீர்த்தட்டில் வைப்பான்? மங்கலமாக ஒன்று கூட்டி, ஐம்பத்தொரு பங்கென எழுதி, வெற்றிலை பாக்கோடு வைத்தார். சட்டத்தை வரி வரியாகப் படித்த மனிதருக்கு அந்த நேரத்தில் முறை மட்டுமே தெரிந்தது. அதைக் குற்றம் என்பவர்கள் சொல்லிக்கொள்ளட்டும்.

மூன்றாம் ஆண்டு, பங்குதாரர் கூட்டத்துக்கு அழைப்பு வந்தது. பங்குதாரர்கள் இரண்டே பேர். யீசூன் வீட்டுச் சாப்பாட்டு மேசையில், ஹேமநாதனை இயக்குநர் பொறுப்பிலிருந்து நீக்கும் தீர்மானம் நாற்பத்தொன்பதுக்கு எதிராக ஐம்பத்தொன்று என்று நிறைவேறியது.

“என்னா அத்தான் இது? மேடை செய்யறவன் நான்.”

“இனிமே வேற எடத்துலேர்ந்து மலிவா எறக்கிக்கறேன். சட்டப்படிதானே செஞ்சேன்? நீங்கதான் பேப்பரெல்லாம் வெச்சிருப்பீங்களே, பாருங்க. தே ஆறுது, குடிங்க.”

ஹேமநாதன் தேநீரைத் தொடவில்லை. வீட்டுக்கு வந்து கோப்பைப் பிரித்தார். ஒவ்வொரு தாளிலும் அவருடைய கையெழுத்தே இருந்தது. களவு போன பொருளுக்கு ரசீது வைத்திருப்பவர்கள் உண்டு. களவுக்கே ரசீது வைத்திருந்தவர் அவர். போதாததற்கு, அருள்மேடை என்று நம்பி வாங்கியவர்கள், ஒட்டுப்பலகை உப்பிப் பெயர்கிறதென்று அவருக்கே போன் செய்து திட்டினார்கள்.

மறுபடி நுஸ்ரத்திடம் போனார். வேறு பெயர், முகம் தெரியாத ஓர் இயக்குநர், முதல் வேலையாக ஒப்பந்தம். நூறு பங்கும் தன் பேரில்.

அடுத்த தை மாதம் மகேஸ்வரன் மலேசியப் பக்கம் ஸ்கூடாயில் வாங்கிய வீட்டுக்குப் புதுமனை புகுவிழா. பிறந்த வீட்டுச் சீர் வராமல் அக்கா பால் காய்ச்ச மாட்டாள். ஹேமநாதன் போனார். சேலை, பழம், வெற்றிலை மேல் வெள்ளி நோட்டுகள் என்று முறை தவறாமல் தட்டை நீட்டினார். சொந்தமெல்லாம் பார்த்துக்கொண்டு நிற்க, பிரேமலா வாங்கினாள். அவள் முகம் சுருங்கியது.

“என்னாடா, ஐம்பதுதான் இருக்கு? அந்த ஒரு வெள்ளி எங்க?”

“அந்த ஒண்ணு அத்தான்கிட்ட இருக்குக்கா. வாங்கி வெச்சுக்க.”

மகேஸ்வரன், பால் பொங்கிவிட்டதா என்று பார்க்க அடுப்படிக்குள் போனார். அடுப்பு இன்னும் பற்றவைக்கப்படவில்லை.